பெரிய ஓவனில் சிறிய சமையல்: மின்சாரம் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் 65 லிட்டர் கொள்ளளவும் 2,400 வாட் திறனும் உள்ள மின்சார ஓவன் இருக்கிறது. இருவருக்கு மட்டுமே சமையல் என்றாலும், ஒரு தட்டு காய்கறியை வாட்டுவதற்கும் நான்கு பிரெட் துண்டுகளைச் சூடாக்குவதற்கும் அதையே பயன்படுத்துகிறோம். மின்செலவு கூடிவிட்டது. வாட் குறைந்த ஓவனுக்கு மாறலாமா?

பதில்: வாட் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓவன் எவ்வளவு விரைவாகச் சூடேறும் என்பதைத்தான் அது காட்டும். ஒருமுறை சமைக்க எத்தனை யூனிட் ஆகும் என்பதைக் காட்டாது. குறித்த வெப்பநிலை வந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுவிட்டுத்தான் செலுத்துகிறது என்பதால், சமையல் நேரம் முழுவதும் 2,400 வாட் ஓடுவதில்லை. இதே பெட்டிக்குள் 1,200 வாட் சுருளைப் பொருத்தினால் சூடேறும் நேரம் நீளும், அந்த நேரத்தில் வெளியே கசியும் வெப்பமும் கூடும்.

செலவுக்குக் காரணம் பெட்டிதான். உள்சுவர், தட்டு, கம்பி வலை எல்லாம் சேர்த்து 15 கிலோ எஃகு என்று வைத்துக்கொண்டால், அதை 25 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குக் கொண்டுசெல்லவே ஏறத்தாழ 0.3 யூனிட் வேண்டும். உள்ளிருக்கும் காற்றின் எடை நூறு கிராம்கூட இல்லை; அதற்கான செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. அரைக் கிலோ காய்கறியை வேகவைத்து, அதிலிருந்து நூறு கிராம் நீரை ஆவியாக்க 0.1 யூனிட் போதும். ஆனால் முன்கூட்டிச் சூடாக்குவதையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடும் இந்த அளவு ஓவன் ஒரு யூனிட்டை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. அதாவது பத்தில் ஒரு பங்கே உணவுக்குள் போகிறது. மீதி சுவர்களிலும் கதவுக் கண்ணாடி வழியாகவும் நீராவி வெளியேறும் துளை வழியாகவும் போய்விடுகிறது.

இவ்வளவு விரயமான கருவியை யாரும் கைவிடாததற்கும் காரணம் இருக்கிறது. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மெய்லார்டு விவரித்த, உணவைப் பொன்னிறமாக்கி மணம் தரும் வினை, ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை; மைக்ரோவேவ் உணவின் ஈரத்தையே சூடாக்குவதால் மேற்பரப்பு வெளிறியே நிற்கிறது. ஈரம் வெளியேறினால்தான் மேற்பரப்பு மொறுமொறுப்பாகும். எனவே, ஓவன் வெளியே விடும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த மொறுமொறுப்புக்காக நாம் தரும் விலை. கிளறிக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை என்ற வசதியோ எந்த மீட்டரிலும் ஏறாது.

ஆகவே ஓவனை விற்க வேண்டியதில்லை. அதற்குத் தரும் வேலையை மாற்றுங்கள். பிரெட் துண்டுகளுக்கு டோஸ்டர் போதும். ஒரு தட்டு காய்கறியை நாள்தோறும் வாட்டுவதாக இருந்தால், சிறிய மேசை ஓவனோ ஏர் ஃப்ரையரோ வாங்குவதில் பொருள் உண்டு. அவற்றில் சூடேற்ற வேண்டிய உலோகமும் குறைவு, வெப்பம் கசியும் பரப்பும் குறைவு. பெரிய ஓவனை ஏற்றும் நாளில் இரண்டு மூன்று தட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். பெட்டியைச் சூடாக்கும் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும். பயன்படாத தட்டுகளை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கேக், பிரெட் போன்றவற்றுக்கு முன்கூட்டிச் சூடாக்குவது அவசியம். நெடுநேரம் வேகும் காய்கறிக்கு அவசியமில்லை. விசிறி உள்ள ஓவனானால் வெப்பநிலையை 20 டிகிரி குறைத்து வைக்கலாம். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே அணைத்துவிட்டால், சுவர்களில் தேங்கிய வெப்பம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கதவை ஒருமுறை திறந்தால் எல்லாம் வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வெளியேறும் காற்றில் இருக்கும் வெப்பம் சொற்பம். கதவைத் திறந்தபடியே வைத்திருப்பதுதான் தவறு. ஓவன் ஆறியிருக்கும்போது கதவைச் சுற்றியுள்ள அடைப்பு வளையத்தையும் பாருங்கள்; விறைத்துப்போயோ கிழிந்தோ இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.