திமிங்கிலம் பார்க்கப் படகேறும் முன்

கேள்வி: விடுமுறையில் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறோம். எனக்குப் பேருந்தில் போனாலே வாந்தி வரும். மூன்று மணி நேரம் தாங்குமா?

பதில்: தாங்கும். ஆனால் மாத்திரையைக் கரையிலேயே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பையின் வேகம் குறைந்துவிடும். விழுங்கும் மாத்திரை உடம்பில் சேராது, வாந்தியோடு வெளியே வந்துவிடும். மெக்லிசின் போன்ற குமட்டல் தடுப்பு மாத்திரைகளைப் படகேற ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். தூக்கம் வரும். கர்ப்பிணிகளும் வேறு மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்பும் கேளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

படகின் முன்முனைதான் அதிகம் ஏறி இறங்கும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து தொடுவானத்தையே பாருங்கள். தலை சுற்றுகிறதென்று உள்ளறைக்குள் போய்ப் படுத்தால் நிலைமை மோசமாகும். ஆட்டத்தைக் காது உணர்கிறது, கண்ணுக்கோ சுவர் அசையாமல் தெரிகிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்கே காரணம். செல்போன் திரையைப் பார்ப்பதும் அப்படித்தான். வாந்தி வந்தேவிட்டால், காற்று முதுகில் படுகிற பக்கத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோரும் "அதோ!" என்று கத்திய பிறகு திரும்பினால் வெறும் கடல்தான் தெரிகிறது. எதைத் தேட வேண்டும்?

பதில்: உடலைத் தேடாதீர்கள், நீராவிபோல் மேலே பீய்ச்சும் மூச்சைத் தேடுங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீட்டர் வரை நேராக எழும். கூன்முதுகுத் திமிங்கிலத்தினுடையது குட்டையாக, புதர்போல் விரியும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் முன்னால் இடப்புறம் இருப்பதால், மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். தொலைவிலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். வெண்நுரை அலைகள் எழும் நாளில் இதெல்லாம் மறைந்துவிடும். பெரும்பாலும் காற்று குறைவாக இருக்கும் காலைப் பயணமே நல்லது.

திசையைக் கடிகார முறையில் சொல்வார்கள்: முன்முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி. பைனாகுலர் 7 மடங்கு போதும். 10 மடங்குக்கு மேல் போனால் ஆடும் படகில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். தொடர்ந்து சில மூச்சு விட்டபின் முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளைந்தால், அடுத்து வால் எழ வாய்ப்பு உண்டு. கேமராவைத் தூக்க வேண்டிய நொடி அதுதான். ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். வால் உள்ளே போன இடத்தில் வழவழப்பான நீர்வட்டம் சற்று நேரம் மிதக்கும். கூன்முதுகு பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பி வரும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

கேள்வி: படகோட்டி கிட்டே போக மறுக்கிறார். கூடுதல் பணம் கொடுத்துக் கேட்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அவர் செய்வதுதான் சரி. பல நாடுகளில் குறைந்தது 100 மீட்டர் விலகி நிற்பது விதி. குட்டியோடு இருந்தால் இன்னும் அதிகம். நேர் எதிரேயும் போகக்கூடாது, பின்னாலிருந்து துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அதன் வேகத்துக்கு மிகாமல், இணையாகப் போக வேண்டும். அது திசையை மாற்றிக்கொண்டே இருந்தாலோ, வாலால் நீரை அறைந்தாலோ, படகு விலகிவிட வேண்டும். திமிங்கிலமே நெருங்கி வந்தால் இயந்திரத்தை நியூட்ரலில் வைத்துவிட்டு, அது தள்ளிப்போகும் வரை காத்திருப்பார்கள்.