ரைன் நதி மீண்டுவிட்டதா?

"ஐரோப்பாவின் சாக்கடை என்று ஒருகாலத்தில் ரைன் நதியைச் சொன்னார்களாமே, இப்போது அது சரியாகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சுவிட்சர்லாந்தில், பாசல் நகரில் ரைன் ஓரமாகத்தான் இருக்கிறேன். தண்ணீரின் சுத்தத்தை மட்டும் பார்த்தால் பெருமளவு மீண்டுவிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் வேலை முடிந்ததும் துணி, செருப்பு, சாவி எல்லாவற்றையும் தண்ணீர் புகாத மீன் வடிவப் பையில் போட்டு, அதன் வாயைச் சுருட்டி மூடி, அதையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு ஊரே ஆற்றோடு மிதந்து போகும். நானும் போவேன்.

இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் 1986 நவம்பர் 1 அன்று நள்ளிரவு கழிந்து சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் பூச்சிமருந்துகள். தீயை அணைக்க அடித்த தண்ணீரைத் தேக்கி நிறுத்த அங்கே ஒரு தொட்டிகூட இல்லை. மருந்தும் சாயமும் கலந்து ஆறு சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் லட்சத்துக்கு மேல் செத்தன. நெதர்லாந்து வரை குடிநீருக்கு ஆற்றுத்தண்ணீர் எடுப்பதை நிறுத்தினார்கள். ரைன் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1950 முதலே இருந்தாலும், இந்த அடிக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. பாசலைத் தாண்டியதும் வைல் ஆம் ரைன் என்ற ஊரில் சுவிஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் நிலையம் இன்று ஆற்றுத்தண்ணீரை விடாமல் சோதிக்கிறது.

இப்போது எனக்குப் பெரிய கவலை தண்ணீரின் அளவும் சூடும்தான். ரைன் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, போடன் ஏரிக்குள் புகுந்து வெளியேறி, ஜெர்மனி வழியாக நெதர்லாந்தில் கடல் சேர சுமார் 1,230 கி.மீ. ஓடுகிறது. கோடையில் ஆல்ப்ஸின் பனி உருகி வரும் தண்ணீர் ஆற்றைத் தாங்கும். குளிர்காலத்தில் நெக்கர், மைன், மோசல் போன்ற துணையாறுகளின் மழைநீர் தாங்கும். பனிப்பொழிவு குறைந்து பனியாறுகளும் சுருங்கச் சுருங்க, இதில் கோடைக்கான பங்கு போய்க்கொண்டிருக்கிறது.

அதன் விளைவு முதலில் தெரிவது ஜெர்மனியின் காவ்ப் என்ற சிற்றூரில். அங்கே ஆற்றின் அடி பாறையும் மேடுமாக இருப்பதால், மேல் ரைனுக்குப் போகும் சரக்குப் படகு எவ்வளவு ஏற்றலாம் என்பதை அந்த ஊரின் நீர்மட்ட அளவுகோல்தான் முடிவு செய்யும். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ. காட்டியது. அளவுகோல் ஆற்றின் அடியிலிருந்து தொடங்குவதில்லை, அதனால் படகுப் பாதையில் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தது. அப்படியும் படகுகள் பாதிச் சரக்குகூட ஏற்ற முடியவில்லை. பெட்ரோல் பங்குகளில் தட்டுப்பாடு வந்தது.

மீன்கள் நிலை இன்னும் மோசம். போடன் ஏரியிலிருந்து வெளிவருவது வெயிலில் காய்ந்த மேல்மட்டத் தண்ணீர். ஏரிக்குக் கீழே ஷாஃப்ஹவுசன் என்ற சுவிஸ் ஊர்ப் பக்கம் 2003 கோடையிலும் 2018 கோடையிலும் கிரேலிங் என்ற குளிர்நீர் மீன் கூட்டம் கூட்டமாகச் செத்தது. இரண்டாம் முறை மீனவர்கள் ஓடைகள் ஆற்றில் சேரும் வாய்களைத் தோண்டி ஆழமாக்கி, மீன்களுக்குக் குளிர்ந்த மடுக்கள் செய்து கொடுத்தார்கள். அதில் பிழைத்தவை கொஞ்சம்.

அப்புறம் பழைய கணக்கு ஒன்று. 1817 முதல் துல்லா என்ற பொறியாளரின் திட்டப்படி மேல் ரைனின் வளைவுகளை வெட்டி நேராக்கியதில் ஆறு சுமார் 80 கி.மீ. குறைந்தது. வேகம் கூடி, தன் அடியையே அரிக்க ஆரம்பித்தது. அணைகளும் மேலிருந்து வரும் சரளையைத் தடுத்துவிட்டன. இஃபெட்ஸ்ஹைம் அணைக்குக் கீழே 1978 முதல் இன்றுவரை படகில் சரளை கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். அரிப்பைத் தடுக்கத்தான் இது.

2020க்குள் சால்மன் மீன் கடலிலிருந்து பாசல் வரை நீந்தி வர வேண்டும் என்று கரையோர நாடுகள் இலக்கு வைத்தன. அது நடக்கவில்லை. இஃபெட்ஸ்ஹைம், காம்ஸ்ஹைம், ஸ்ட்ராஸ்பூர்க், கெர்ஸ்ட்ஹைம் அணைகளில் மீன் ஏணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி மேலேறும் வழி, கட்டிவிட்டார்கள். அதற்கு மேலே பிரெஞ்சுப் பக்கத்து நீர்மின் நிலையங்களில்தான் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. முதலில் முடிக்க வேண்டிய வேலை அதுதான் என்பேன். பனி குறைவதை ரைன் கரை நாடுகள் மட்டும் சேர்ந்து நிறுத்திவிட முடியாது. மீன் ஏணி கட்ட அவர்களால் முடியும்.