மச்சானுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன தப்பு?

கேள்வி: போன மாதம் நானும் மச்சானும் கோவா போய், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் போக்கர் டோர்னமென்ட் ஆடினோம். ஒரு ஆட்டத்தில் நாங்கள் இருவர்தான் மிச்சம். மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த சீட்டில் ஆர்ட்டின் ராஜா, ஒன்பது, நாலு; மற்ற இரண்டு சீட்டும் ஜோடி சேராதவை. என் கையில் ஆர்ட்டின் ஏஸும் ஆறும். மச்சான் பந்தயம் வைக்காமல் ‘செக்’ சொன்னார். அவரிடம் சிப் குறைவு, பாவம் என்று நானும் செக் சொல்லிச் சீட்டைத் திறந்தேன். மேற்பார்வையாளர் வந்து என்னை ஒரு சுற்று வெளியே உட்கார வைத்துவிட்டார். நடுவில் தமிழில் பேசியதற்கும் திட்டு. என் பணம், என் சீட்டு. ஜெயித்தால் பாதிப் பாதி என்று காட்பாடியில் ரயில் ஏறும்போதே பேசிக்கொண்டோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

– தோல் வியாபாரி, பேரணாம்பட்டு

பதில்: அந்தக் கடைசி வரி இல்லாமல் கடிதம் போட்டிருந்தால் உங்களுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசியிருப்பேன்.

உங்கள் கையில் இருந்தது ஏஸ் ஃப்ளஷ், அதாவது ஏஸ் தலைமையில் ஐந்து சீட்டும் ஆர்ட்டின். மேசையில் ஜோடியே இல்லை, அந்த ஆர்ட்டின்களில் வரிசையும் சேராது; அதனால் அதை அடிக்க எந்தச் சீட்டும் கிடையாது. நீங்கள்தான் கடைசியாகப் பேச வேண்டியவர். செக் சொன்னால் ஒரு சிப் கூட கூடுதலாக வராது என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த மேற்பார்வையாளருக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

டோர்னமென்டில் நுழைவுக் கட்டணம் கட்டியதுமே அதில் பெரும்பகுதி பரிசுப் பணத்தோடு சேர்ந்துவிடும். கையில் இருக்கும் சிப், யார் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்ற கணக்குக்குத்தான். மச்சான் அன்றைக்கு வெளியேறியிருந்தால், நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் பரிசுக்கு ஒரு படி கிட்டே வந்திருப்பார். நீங்கள் மச்சான் மேல் பட்ட இரக்கத்துக்கு அவர்தான் பணம் கட்டினார். போதாததற்குப் பாதிப் பாதி வேறு. இரண்டு நாற்காலி, ஒரே பர்ஸ்.

நம் ஊர்க் கல்யாண வீட்டு ரம்மி வேறு மாதிரி. காட்பாடி ரயில்வே குவார்ட்டர்ஸில் என் பெரியப்பா ஒருவர் இருந்தார். மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் நின்று கையைப் பார்த்துவிட்டு, நாலாவது ஆளாக உட்கார்ந்து ஆடுவார். “ஸ்கூட் போடுடா, சீட்டைக் கவிழ்த்துட்டு ஒதுங்கு, அந்த ஜோக்கர் உனக்கு வராது” என்று அடுத்தவருக்கு யோசனையும் சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அங்கே எல்லோருமே சொந்தம், விடிந்தால் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். போக்கர் மேசையில் ஒரு கைக்கு ஒரே ஆள்தான். சீட்டைப் போட்டுவிட்டு வெளியேறியவர்கூட, “நான் வைத்திருந்தது ராணி” என்று ஆட்டம் முடிவதற்குள் முணுமுணுக்கக் கூடாது.

தமிழ் விஷயமும் இதேதான். பல போக்கர் அறைகளில், ஆட்டம் ஓடும்போது அந்த அறை அனுமதிக்கும் மொழியில்தான் பேசலாம். நீங்கள் பிரியாணியைப் பற்றித்தான் பேசினீர்கள் என்று தமிழ் தெரியாத டீலருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த தடவை பணம் வைத்து ஆடும் மேசையில் உட்காருவதானால், “நாங்கள் உறவுக்காரர்கள், வேறு வேறு மேசை கொடுங்கள்” என்று முதலிலேயே கேளுங்கள். டோர்னமென்டில் குலுக்கலில் ஒரே மேசை விழுந்தால் மச்சானை அடித்து ஆடுங்கள். பாதிப் பங்குப் பேச்சை அடுத்த ரயில் ஏறுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.

அப்புறம், கடிதத்தின் பின்பக்கம் எழுதிய சிப் விவகாரம். எதிராளி 500 வைத்தபோது நீங்கள் வாய் திறக்காமல் ஒற்றை 1,000 சிப்பைப் போட்டீர்கள். ரெய்ஸ் செய்யத்தான், அதாவது பந்தயத்தை ஏற்றத்தான் போட்டேன் என்கிறீர்கள். டீலர் அதை ‘கால்’ (எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது) என்று எடுத்து 500-ஐத் திருப்பிக் கொடுத்தது சரிதான். முதலில் “ரெய்ஸ்” என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு சிப்பில் கை வையுங்கள்.