நெல்லையிலிருந்து தீவுக் கடற்கரை: அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா, இலங்கையா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து கிளம்ப வேண்டும். பெரியவர் இருவர், 11 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள். ஐந்தாறு நாள் கடற்கரையில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த நாலில் எந்தத் தீவு?

பதில்:

கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எந்த மாதம்? நாலு இடத்திலும் மணல் வெள்ளைதான், தண்ணீர் நீலம்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவார்களா, அறைக்குள் மழையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா என்பது முடிவாகும்.

நெல்லைக்காரருக்கு இதற்கான அளவுகோல் ஊரிலேயே இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்மேற்குக் காற்று வந்துவிட்டது. அந்தக் காற்று லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் தென்மேற்குக் கரை மூன்றையும் கலக்கும். ஆனால் மலை மறைப்பதால் பாளையங்கோட்டையில் மழையில்லாமல் வெறும் காற்று வீசுகிறதல்லவா, அதேபோல இலங்கையின் நடுமலை மறைப்பதால் அதன் கிழக்குக் கரை, அதாவது திருகோணமலை நிலாவெளியும் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவும், அப்போது குளம்போல அடங்கிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் தாமிரபரணி கரைபுரளும்போது கதை தலைகீழ். கிழக்குக் கரைக்கு அப்போது போகக் கூடாது. அந்தமான் இரண்டு மழையையும் வாங்குகிற ஊர். மே மூன்றாம் வாரவாக்கில் தொடங்கும் மழை, நடுவே விட்டுவிட்டு, நவம்பர் வரை இழுக்கும்.

இதைப் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள். முழுப்பரீட்சை லீவு என்றால் ஏப்ரல் கடைசியிலேயே அந்தமான் போய் மே முதல் வாரத்துக்குள் திரும்பலாம். மே பாதிக்கு மேல் என்றால் திருகோணமலை அல்லது பாசிக்குடா தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். காலாண்டு லீவு இரண்டும்கெட்டான் காலம். அரையாண்டு லீவில் நாலும் திறந்திருக்கும் (இலங்கையில் மட்டும் கிழக்கை விட்டுத் தெற்கே மிரிசை, உனவட்டுன பக்கம் போக வேண்டும்). ஆனால் விலை உச்சியில் நிற்கும், அதிலும் அந்தமானில். ஒரு வாரம் லீவு போட்டு ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் போக முடிந்தால் அதுதான் எனக்குப் பிடித்த தேர்வு. கடலும் தெளிவு, கூட்டமும் குறைவு.

அடுத்தது பிள்ளைகளின் வயது. 7 வயதுக்குத் தேவை அலையடிக்கிற நீளக் கடற்கரையல்ல, பவளப்பாறை வளையத்துக்குள் அடங்கிய ஆழமற்ற தண்ணீர். நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்களே, அந்தப் பார் வெளியே அலையை உடைத்துவிடும். உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். லட்சத்தீவில் அகத்தி, கட்மத், மினிக்காய் எல்லாவற்றிலும் இந்த உள்கடல் தீவின் மேற்குப் பக்கம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் லட்சத்தீவையும் மாலத்தீவையும் அந்தமானால் வெல்ல முடியாது. பாசிக்குடாவும் வெகுதூரம் நடந்தே போகக்கூடிய விரிகுடாதான்.

அந்தமானில் ஸ்வராஜ் தீவின் (பழைய ஹேவ்லாக்) ராதாநகர் பார்க்க அழகு, ஆனால் திறந்த கடற்கரை, இழுப்பு உண்டு. உயிர்காப்பாளர் கொடி நட்ட இடத்துக்குள்ளேயே இறங்க வேண்டும். தாமிரபரணியில் பாலத்திலிருந்து குதித்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவார்கள். ஆற்று இழுப்பு எங்கேயாவது கரையில் சேர்க்கும், கடல் இழுப்பு உள்ளே கொண்டுபோகும். மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடங்களில் கால் நனைக்கவே கூடாது. அங்கே இருப்பது உப்புநீர் முதலை.

ஷஹீத் தீவில் (நீல்) வேறு சிக்கல். கடல் வற்றும் நேரத்தில் பரத்பூர் கரையில் பவளப்பாறை வெளியே தெரியும், நீந்தவும் முடியாது, படகும் ஓடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். அறை பதிவு செய்யும் முன்பே அந்த நாள்களின் ஓத அட்டவணையைப் பார்த்து, பகலில் நீர் ஏறியிருக்கும் நாளை நீலுக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று, அந்தமான் நமக்கு 15 பாகை கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் சூரியன் நெல்லையைவிட ஒரு மணி நேரம் முன்னால் நடக்கும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். ஒன்பது மணிக்கு எழுந்து காபி குடித்தால் பாதி நாள் போச்சு.

போகும் வழி. மாலத்தீவுதான் உண்மையில் நமக்குப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கி.மீ., நெல்லைக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் மாதிரி. விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அந்தமானுக்குச் சென்னை போய், அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்), பிறகு கப்பல். ரயிலில் போனால் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம், எதிரே விமான நிலையம். இரவு வண்டியில் ஏறி மறுநாள் காலை விமானத்தைப் பிடிக்கும் கணக்கு வேண்டாம். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானால் விமானமும் போகும், அன்றைய கப்பல் சீட்டும் போகும். முந்தின நாளே போய்த் தங்குங்கள். திரும்பும்போதும் கடைசி இரவு ஸ்ரீ விஜயபுரத்தில்தான். கடல் மோசமானால் தீவுக் கப்பலை நிறுத்திவிடுவார்கள்.

லட்சத்தீவுக்குக் கொச்சி வாசல். பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி ஆலுவாவில் இறங்கினால் நெடும்பாசேரி விமான நிலையம் பக்கம். அங்கிருந்து அகத்திக்கு ஒன்றரை மணி நேரம், சின்ன விமானம். டிக்கெட்டைவிட அனுமதிச் சீட்டுதான் தலைவலி. இந்தியரானாலும் நுழைவு அனுமதி வேண்டும், அதற்குக் காவல்துறைச் சான்று வேண்டும், தங்குமிடமும் முன்பே உறுதியாக வேண்டும். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அனுமதி கைக்கு வராமல் திருப்பித் தராத டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது. சைவச் சாப்பாட்டுக்கு அங்கே தேர்வு குறைவு, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

மாலத்தீவு என்றதும் தண்ணீர்மேல் நிற்கும் குடிலும் லட்சக்கணக்கில் செலவும்தான் நினைவுக்கு வரும். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதி நடத்த அனுமதி உண்டு. மாஃபுஷி, திஃபுஷி, உகுல்ஹாஸ் போன்ற ஊர்களில் அந்தமான் செலவோடு ஒப்பிடத்தக்க அறைகள் கிடைக்கும். ஆனால் தளத்தில் காட்டும் விலையை நம்பாதீர்கள். அதன்மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி, பெரும்பாலும் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதோடு பசுமை வரி. 50 அறை வரையுள்ள விடுதியில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. பிள்ளைகளுக்கும் உண்டு, இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால்தான் விலக்கு. நாலு பேர், நாலு இரவு, சின்ன விடுதி என்றால் 96 டாலர் இதற்கே. படகுச் செலவு தனி. வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது, வேகப்படகுக்குக் கூடக் கொடுக்க வேண்டும். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும், மாலையில் இறங்கினால் மாலேயில் ஒரு இரவு வீண். விசா இந்தியருக்கு இலவசம். வருகைப் படிவத்தை மட்டும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலை எதுவும் கொண்டுபோகக் கூடாது. பையில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொண்டு கிளம்பும் வழக்கம் இருந்தால் அவரை வீட்டில் விட்டுவிடுங்கள். ஊர்த் தீவுகளில் நீச்சலுடைக்கு ஒதுக்கிய கரை தனி.

இலங்கைக்கு மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் உண்டு. பயண அனுமதியை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கொழும்பிலிருந்து திருகோணமலை ஆறு மணி நேரத்துக்குக் குறையாத சாலைப் பயணம். பிள்ளைகளுக்கு அது அலுப்புதான், ஆனால் போய்ச் சேர்ந்தால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

கடலுக்குள் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூபா 10 வயதுக்கு மேல்தான், உங்கள் மூத்த பிள்ளைக்கு மட்டும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவர் சான்று வேண்டும். முங்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, ஆகவே கடைசி நாளில் வைக்காதீர்கள். சின்னவனோ சின்னவளோ, முகமூடியும் உயிர்காப்பு உடையும் போட்டு மிதந்து பார்த்தால் போதும். முகமூடியைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். ஒட்டி நின்றால் அளவு சரி. பெரிய மீசைக்கு இடையே தண்ணீர் புகும், மீசைமேல் வாஸ்லின் தடவினால் நிற்கும். முழுக்கைச் சட்டை போடாவிட்டால் ஒரே மணி நேரத்தில் முதுகு வெந்துவிடும். ரப்பர் அடிச் செருப்பு கழன்று மிதக்கும், பவளப்பாறைக்குக் காலோடு ஒட்டும் தண்ணீர்ச் சப்பாத்துதான் சரி. சங்கும் பவளமும் பொறுக்கிப் பையில் போட்டால் திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் பிடித்து வைப்பார்கள்.

பாஸ்போர்ட் இல்லாத குடும்பம், ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் பயணம் என்றால் அந்தமான். பாஸ்போர்ட் இருந்து, ஊர் சுற்ற வேண்டாம், தண்ணீரிலேயே கிடந்தால் போதும் என்றால் அதே மாதங்களில் மாலத்தீவின் ஊர்த் தீவு ஒன்று. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் காலாவதியாகும், தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். மாதத்தைச் சொன்னால் நாள்வாரியாகத் திட்டம் எழுதுகிறேன்.