ஈயம் கலந்த மண்ணை வெட்டிக் கொட்டலாமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய மனையில் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள். மண் பரிசோதனையில் ஈயம் மிகுதி என வந்துள்ளது. மண்ணை வெட்டி வெளியே கொட்டிவிடலாமா? சூரியகாந்தி ஈயத்தை உறிஞ்சிவிடும் என்பது உண்மையா?

பதில்: தயவுசெய்து வெட்டிக் கொட்டாதீர்கள். லாரியில் போகும் மண் வழியெங்கும் தூசியாகப் பறக்கும். கொட்டிய இடத்தில் வேறொரு வீட்டுக் குழந்தை விளையாடும். பேட்டரித் தகட்டுத் துண்டுகளும் உருக்கிய கசடும் கண்ணில் பட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தெரிவித்து, அவற்றை அபாயக் கழிவாக அகற்றச் செய்யுங்கள்.

சூரியகாந்தியை நம்ப வேண்டாம். செடி எடுக்கும் ஈயத்தின் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும். அந்த வேகத்தில் மண் தூய்மையாகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஈயத்தைக் கரைத்துவிடும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றினால் செடி கூடுதலாக உறிஞ்சும்தான். ஆனால் கரைந்த ஈயத்தில் செடி எடுக்காத மிச்சம் நிலத்தடி நீருக்கு இறங்கும் என்பதால், கிணறு உள்ள மனையில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஈயம் தனிமம், மட்கி அழியாது. ஆகவே அதை இருந்த இடத்திலேயே கரையாத வடிவில் கட்டிப்போடுவதே நம்மால் ஆகும் வேலை. பாஸ்பேட்டுடன் சேரும்போது ஈயம் பைரோமார்பைட் என்ற கனிமமாக மாறுகிறது. அது மழைநீரில் மட்டுமன்றி, மண்ணை விழுங்கிய குழந்தையின் இரைப்பை அமிலத்திலும் மிகக் குறைவாகவே கரையும். சுண்ணாம்பு மட்டும் இட்டால் உருவாகும் ஈயக் கார்பனேட்டோ இரைப்பையில் எளிதில் கரைந்துவிடும். அமெரிக்காவின் மேற்கு ஓக்லாந்தில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுத் தோட்டங்களில் பாஸ்பேட் நிறைந்த மீன் எலும்பை அரைத்துக் கலந்து, மேலே புல் பரப்பியது இந்த அடிப்படையில்தான். சூப்பர் பாஸ்பேட் உரமும் இதற்கு உதவும்.

பேட்டரி அமிலம் கொட்டிய மண் புளித்திருக்கும். அந்த அமில நிலையில் பாஸ்பேட் வினை விரைவாக நடப்பதால், பாஸ்பேட்டை முதலில் கலந்து, சில வாரங்கள் ஈரமாக வைத்திருந்து, பிறகே சுண்ணாம்புத்தூள் இட்டு, மண்ணின் அமில-கார அளவான பிஹெச்சை 6.5 முதல் 7 வரை உயர்த்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு மண்ணில் ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் உள்ளதா என்று பாருங்கள். பேட்டரி ஈயக் கலவையில் ஆர்சனிக்கும் சேர்க்கப்படுவதுண்டு. பாஸ்பேட் அதை மண்ணிலிருந்து பெயர்த்து நீரில் விட்டுவிடும். இருந்தால் பாஸ்பேட்டைத் தவிர்த்து, தூய மண்ணால் மூடிவைப்பதையே நம்ப வேண்டும். அளவு மிஞ்சிய பாஸ்பேட் வழிந்தோடிக் குளத்தில் பாசியைப் பெருக்கும் என்பதால், மண் ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் அளவைத் தாண்டாதீர்கள்.

ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டியிருந்து, தூசியாகவும் மழை வெள்ளத்தோடும்தான் பரவும். எனவே மண்ணை நனைத்த பிறகே கொத்துங்கள். பள்ளமான பக்கம் வரப்பு கட்டி வெட்டிவேர் நடுங்கள். வேலை முடிந்ததும் தூய மண் பரப்பிப் புல் வளருங்கள். கீரையும் கிழங்கும் அங்கே வேண்டாம்.

மறுபரிசோதனையில் மொத்த ஈய அளவு குறையாது; கரையும் ஈயம் எவ்வளவு என்று கேட்டுச் சோதியுங்கள். கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். அங்கே குழந்தைகள் ஏற்கெனவே விளையாடியிருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், அவர்களின் இரத்தத்தில் ஈய அளவை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.