கல்யாணத்துக்கு 6 வாரம் இருக்கையில் மூக்கு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. மூக்கின் நடுவில் சின்ன மேடு இருக்கிறது. வலது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தை மாதம் கல்யாணம். களியக்காவிளையில் ஒரு ஏஜென்ட், திருவனந்தபுரத்தில் 'பேக்கேஜ்' போட்டு முடித்துத் தருகிறேன், மூன்றே நாளில் முகம் சரியாகிவிடும், இன்சூரன்ஸிலும் பணம் வாங்கிவிடலாம் என்கிறார். கல்யாணத்துக்கு 6 வாரம் இருக்கும்போது செய்யலாமா? மூக்குத்தி போட முடியுமா?
- குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டீர்களானால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

மூன்று நாள் என்கிறாரே, அந்த மூன்றாம் நாளில்தான் கண்ணைச் சுற்றி வீக்கமும் கருநீலமும் உச்சத்தில் இருக்கும். மேட்டைச் சீவி எடுத்த பிறகு, இரண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்ளே நகர்த்தினால்தான் மூக்கு ஒடுங்கும். முழு மயக்கத்தில் இரண்டு மூன்று மணி நேர வேலை. மூக்கின் மேல் ஒரு வாரம் பிளாஸ்டர் இருக்கும். கருநீலம் மஞ்சளாகி மறைய 10 முதல் 14 நாள் ஆகும்.

பிளாஸ்டரைப் பிரிக்கும் நாளில் கூட வருகிற அம்மாக்களின் முகத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மகளின் மூக்குத் தோலில் எண்ணெய் வழியும், சின்னச் சின்னப் பரு இருக்கும், மூக்கு முன்பைவிட அகலமாக, நுனி மேலே தூக்கியபடி தெரியும். "இதுக்கா இவ்வளவு காசு" என்று வாய்விட்டே கேட்டவர்கள் உண்டு. அது வீக்கம், வடியும். 6 வாரத்தில் தெருவில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கல்யாண வீடியோக்காரர் பக்கவாட்டில் லைட் அடித்தால் தெரியும். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகலாம். தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். கல்யாண ஆல்பத்தை மனதில் வைத்துச் செய்வதென்றால் 6 மாத இடைவெளியாவது வேண்டும். தை முடியட்டும், பிறகு பேசலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அழகுக்காகச் செய்வதற்குப் பாலிசி பணம் தராது. மூச்சடைப்புக்காக மூக்கின் நடுச்சுவரை நிமிர்த்துவது வேறு. அது சிகிச்சை, அதற்குக் கேட்கலாம். குளிர்ந்த எஃகுக் கரண்டியை மகளின் மூக்குத் துளைகளுக்குக் கீழே பிடித்து மூச்சு விடச் சொன்னால் இரண்டு பக்கமும் ஆவி படியும். வலது பக்கத் திட்டு எப்போதும் சிறிதாகவே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நடுச்சுவர் கோணலா, சதை வீக்கமா, அலர்ஜியா என்பதை உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கோணல் என்று ஆதாரத்தோடு இருந்து, இரண்டு வேலையையும் ஒரே மயக்கத்தில் செய்தால், நடுச்சுவருக்குத் தனி பில், மேட்டுக்குத் தனி பில். முதல் பில்லுக்கு மட்டும் இன்சூரன்ஸ், அதுவும் முன்கூட்டியே கம்பெனியிடம் அனுமதி வாங்கி. ஏஜென்ட் சொல்வது இது அல்ல. மொத்தத்தையும் நடுச்சுவர் என்றே எழுதி வாங்குவார்கள். பொய்க் கிளெய்ம் பிடிபட்டால் பாலிசியை இழப்பது நீங்கள், அவர் இல்லை. நாளைக்கு மூக்கு கோணிப்போய் நியாயம் கேட்டால், கேஸ் ஷீட்டில் மூக்கின் வெளியே கத்தி வைத்ததாகவே இருக்காது.

நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் கொடுப்பதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே தடுக்கின்றன. தடுத்து என்ன பயன்? களியக்காவிளை எல்லைச் சோதனைச் சாவடியில் கோழி லாரியை நிறுத்திப் பார்க்கிறார்கள். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் ஏஜென்டை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. புகார் என்று போனால் இந்த மாநிலம் அந்த மாநிலத்தைக் கைகாட்டும், அந்த மாநிலம் இந்த மாநிலத்தை. ஒரே ஆறுதல், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, வழக்குப் போடலாம். அதற்கு உங்கள் பெயரில் ரசீது வேண்டும். ஏஜென்ட் கையில் கொடுத்த காசுக்கு ரசீது ஏது?

திருவனந்தபுரத்தில் நல்ல சர்ஜன்கள் இருக்கிறார்கள், போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கத்தி பிடிக்கப்போகிறவரை நேரில் பாருங்கள். அவர் பிளாஸ்டிக் சர்ஜனா, காது மூக்கு தொண்டை சர்ஜனா, பதிவு எண் என்ன, மயக்க மருந்து கொடுப்பது யார், மறுபடி திருத்த வேண்டி வந்தால் செலவு யாருடையது என்று அவரிடமே கேளுங்கள். சம்மதப் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

"கத்தியே வேண்டாம், ஊசியிலேயே மேட்டை மறைத்துவிடலாம்" என்று அடுத்து ஒருவர் வருவார். மூக்கில் போடும் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல்) ஊசி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும். கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வை போகும். பார்லரில் போட்டுக்கொள்கிற சமாசாரம் இல்லை அது.

மூக்குத்தியை ஆபரேஷனுக்கு முன் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் போட பொதுவாக 6 வாரத்துக்கு மேல் ஆகும். பல வருடத் துளை சுருங்கினாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். புதுத் துளை தூர்ந்துபோகும். இந்தக் கணக்கிலும் தை மாதம் உங்களுக்கு உதவாது.

பின்னால் செய்யும்போது நினைவில் வைக்க: நம் பக்கத்தில் மூக்கு என்றதும் ஆவி பிடிப்பதும், வைத்தியசாலையில் நசியம் செய்வதும் (மூக்கில் மருந்தெண்ணெய் விடுவது) வழக்கம். ஆபரேஷன் செய்த மூக்கில் இரண்டும் கூடாது, உப்புநீர்ச் சொட்டு போதும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கை அழுத்தும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் 6 வாரத்துக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் திடீரென்று அடைத்து, வலி ஏறி, காய்ச்சலும் வந்தால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டினால் சில நாளில் குருத்தெலும்பு செத்து மூக்குப் பாலம் உள்ளே விழும். ஏஜென்ட் போன் எடுக்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

இப்போதைக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அலர்ஜி அடைப்பு என்றால் ஸ்பிரேயிலேயே அடங்கிவிடலாம். அப்புறம் மிஞ்சுவது அந்த மேடு ஒன்றுதான். அதை எடுக்க வேண்டும் என்று சொன்னது யார், மகளா, மாப்பிள்ளை வீட்டாரா? உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை. 24 வயதுப் பெண்ணுக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான், நீங்கள் அல்ல.