ஃபிப்த் வீல் டிரெய்லர் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வைத்திருக்கிறீர்கள், 12,000 பவுண்டு ஃபிப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் பின்பக்கச் சரக்குப் பெட்டிக்குள் இணைத்து இழுக்கும் வீட்டு டிரெய்லர்) இழுக்குமா என்று கேட்கிறீர்கள். முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்த்து வண்டி எத்தனை பவுண்டு தாங்கும் என்று அதில் இருக்கும். விளம்பரங்கள் இழுவைத் திறனைத்தான் பெரிதாகப் போடும். ஆனால் ஃபிப்த் வீலில் பெரும்பாலும் முட்டுக்கட்டை போடுவது இந்த எண்தான். இணைப்பு பம்பரில் இல்லை, பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. டிரெய்லர் எடையில் சுமார் 20 சதவீதம், அதாவது 2,400 பவுண்டு, அங்கேயே இறங்கும். குடும்பம், சாமான், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்புக் கருவி) எல்லாம் தனி. பெரும்பாலான எஃப்-150 வண்டிகளுக்கு இது அதிகம், அதிகம் தாங்கும் எஃப்-350 பாருங்கள். டிரெய்லரின் காலி எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், அதிகபட்ச எடையை எடுங்கள்.

பெட்டி குட்டையானது என்றால் நகரும் ஹிட்ச் தேவைப்படலாம். இல்லாவிட்டால் கூர்மையான திருப்பத்தில் டிரெய்லர் கேபினில் இடிக்கும்.

பழையது வாங்கினால் நீர்க்கசிவுதான் எனக்குப் பெரிய பயம். கூரை ஓரங்களைப் பாருங்கள், ஸ்லைடு-அவுட் (வெளியே தள்ளி விரிக்கும் அறைப்பகுதி) பக்கத்துத் தரையை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். அப்புறம் டயர்: பக்கவாட்டில் இருக்கும் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) நன்றாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றிவிடுங்கள்.